தூதனுக்குப் பொருந்தாத தலைக்கவசம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்தாறு வயதில் தூதன் வேலை கிடைத்தது. அவருடைய மகள் சேர்ந்திருக்கும் குழு ஞாயிறுதோறும் ஒரு காலிக் கிடங்கில் கூடும். ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க ஒரு கதைக்குள்ளேயே வாழ்ந்து பார்க்கும். வசனம் எழுதித் தர மாட்டார்கள், அவரவர் வாய்க்கு வந்ததுதான். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைக் கத்தியா?" என்று போன வருடம் கேட்டுத் தொலைத்தார் மனுஷன். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவளாகவே கூப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கும் சொதப்பினால் அவ்வளவுதான்.

சொதப்பல் வாசலிலேயே ஆரம்பித்தது. எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதென்று போன். அதற்கு வழி சொல்லிவிட்டு உள்ளே வருவதற்குள் விளையாட்டின் விதிகளைச் சொல்லி முடித்திருந்தார்கள். யாரோ அவர் தலையில் ரப்பர் கவசத்தை மாட்டி, அரசியிடம் சேர்க்கச் சொல்லி ஓர் ஓலையைக் கையில் திணித்தார்கள். கவசம் வழுக்கி வந்து கண்ணை மறைத்தது. உச்சியில் கைவைத்து அதை அழுத்திப் பிடித்தபடியே நடந்தார்.

"அரசியைப் பாக்கணும்" என்றார் காவலனிடம். காவலன் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். பணிப்பெண்ணும் வாய் திறக்கவில்லை. புது ஆளென்று விளையாட்டுக் காட்டுகிறார்களாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேரே அரியணைக்குப் போனார். அரசி அவர் மகள்தான்.

"மகாராணி, ஓலை கொண்டாந்திருக்கேன்."

அவள் கண் ஒரு நொடி அவர்மேல் நின்றது. பிறகு தளபதி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு பேர் முன்னால் மூக்கறுக்கத்தான் கூப்பிட்டாளா? பேசிய வாய்க்கு இதுவும் வேண்டும். வீட்டுக்குப் போய்விடுவதென்று கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தூதன் வந்துட்டான்!" என்று கிடங்கே அலறியது. காவலன் பாய்ந்து வந்து தோளைப் பிடித்தான். அரசி எழுந்து ஓடிவந்து தன் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டதும் அவன் விலகினான்.

"அப்பா, தலையில கை வெச்சா விளையாட்டுக்கு வெளியில இருக்கோம்னு அர்த்தம். அந்த ஆள் நம்ம கண்ணுக்கே தெரியாத மாதிரி இருக்கணும். யாரும் சொல்லலையா?"

"போன்ல இருந்தேம்மா. அந்தத் தொப்பி வேற நிக்கவே மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. "வெளிய நின்னுக்கிட்டே 'மகாராணி'ன்னீங்களா... மறுபடியும் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன். அழுகையே வந்துடுச்சு."

"நானா? உனக்குத்தான் எம்மேல கோவம் தீரலன்னு கிளம்பிட்டேன்!"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஒரு வருடத்துப் பாரம் இறங்கியது.

"போன வருஷம் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

"இது தூதன் சொல்றதா?"

அவர் அவசரமாகக் கையைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"அப்பாதான் சொல்றேன்" என்றார்.