யார் தூக்கச் சொன்னது இந்த வீட்டை?

சௌக்கத் பாய் வீட்டு வாசற்படி என் நெஞ்சுக்கு நேராக நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் நான் அளந்தபோது அதே படி ரோட்டை விட அரை அடி கீழே இருந்தது. தெரு மாறி வந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன். அதே தண்டையார்பேட்டை சந்து, அதே அடிபம்பு, அதே பச்சைக் கதவு. கதவு மட்டும் அந்தரத்தில்.

குனிந்து பார்த்தால் வீட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது! லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, அந்த மாதிரி ஜாக்கிகள் வரிசையாக நின்று மொத்த வீட்டையும் தாங்கிக்கொண்டிருந்தன. கையிலிருந்த வரைபடச் சுருள் நழுவிச் சாக்கடை ஓரம் விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

எங்கள் பக்கம் வீட்டைத் தூக்குவது அதிசயமில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகும், மழை வந்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். முடிந்தவர்கள் ஆள் வைத்து வீட்டை அப்படியே தூக்கி, அடியில் செங்கல் வைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் தெரியும். ஆனால் இந்த வீட்டுக்கு டிசைன் போட்டவள் நான். என்னைக் கேட்காமல் எவன் கை வைத்தான்?

நான் ரமாபாய், வியாசர்பாடிக்காரி. கட்டடக்கலை படித்து இரண்டு வருஷம் ஓர் ஆபீசில் வரைந்தேன். அது மூடியதும் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சேர்ந்தேன். எந்தப் பெட்டி மேல் எந்தப் பெட்டி என்று கம்ப்யூட்டரில் அடுக்குகிற வேலை. தற்காலிகமாகப் போனது, பதினோரு வருஷம் ஓடிவிட்டது. நேற்றுதான் கடைசி நாள்.

என் வீட்டுக்காரர் வல்லரசு பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். நான் ராஜினாமா கொடுத்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

"மாசமானா சம்பளம் வர்ற வேலைய வுட்டுட்டு பென்சில் சீவப் போறியா? இந்த மொத வூடே சொதப்புச்சின்னா இன்னா பண்ணுவ?"

"சொதப்புனா திரும்பப் பொட்டி அடுக்கப் போறேன், போதுமா?" என்று ரோஷத்தில் வாயை விட்டிருந்தேன்.

அந்த முதல் வீடுதான் இது. யார்டு கேன்டீனில் சமைக்கிற அஜீசுன்னிசா அக்காவின் வீடு. அவர் புருஷன் சௌக்கத் அலி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெள்ளிக்கெழம தொழுகைக்கு ரெண்டு பேரு தூக்கினு போறாங்கோ கண்ணு. என்னிய மூட்ட கணக்கா தூக்குறானுங்கன்னு அளுவுறாரு. கட்டில்லேர்ந்து தெரு வரைக்கும் அவரே சக்கர வண்டிய தள்ளிகினு போற மாரி வூட்ட மாத்திக் குடு."

அதற்காகத்தான் வேலையையே விட்டேன். தரையை ரோட்டு மட்டத்துக்கு ஏற்றி, படியே இல்லாமல், லேசான சரிவில் ஒரு சாய்தளம் வரைந்தேன். யார்டில் நோட்டீஸ் காலம் முடியும்வரை வர முடியவில்லை. அக்கா வீட்டு வேலைக்காக லீவில் இருந்தார். போன் செய்தால், "நீ சொன்ன மாரியே நடந்துகினு கீது கண்ணு," என்பார். சக்கர வண்டி நுழையக் குளியலறையை உடைக்கிறார்கள் என்று நானும் குஷியாக இருந்தேன். அட ராமா!

"வந்துட்டியா கண்ணு!" மேலேயிருந்து அக்காவின் முகம் எட்டிப் பார்த்தது. வாயெல்லாம் பல். "எப்டி? நீ சொன்ன மாரியே நாலடி!"

"நானா சொன்னேன்?"

"நீதான போன் பண்ணி அவராண்ட சொன்ன?"

நான் பாயோடு போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேரில்கூட சலாம் வைத்ததோடு சரி. பேசியதெல்லாம் அக்காவிடம்தான். என் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வீட்டுக்கு அடியிலிருந்து மேஸ்திரி நீலமேகம் தவழ்ந்து வெளியே வந்தார். "இன்னா மேடம், லெவலு தப்பா? இன்னிக்கே சொல்லு, எறக்கிடலாம். நாளிக்கி செங்கல் வெச்சி பூசிட்டேன்னா அப்பால ஒண்ணியும் பண்ண முடியாது."

"வீட்டுல இருந்தவங்களை எங்க தங்க வெச்சீங்க?"

"அத்த ஏன் கேக்குற! அக்கா பக்கத்து வூட்ல. பாய் எறங்கவே மாட்டேன்னுட்டாரு. கட்டில்ல படுத்துகினே மேல வந்தாரு."

ஒரு மனிதன் படுத்திருக்க, வீடு ஜாக்கியில் ஏறியிருக்கிறது. ஒரு ஜாக்கி நழுவியிருந்தால்? ஏணியில் ஏறினேன். கோபத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டேன்.

பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாய், நான் எப்ப உங்களுக்குப் போன் பண்ணேன்?"

போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாலடி மேல ஏத்திட்டா நீங்க எப்படித் தெருவுக்குப் போவீங்க? இதுக்குச் சாய்தளம் போட்டா உங்க வீட்டு நீளமே பத்தாது. என் வேலையையே விட்டுட்டு வந்திருக்கேன், விளையாடறீங்களா?"

"நீ வெளிய போறதுக்கு வூடு வரைஞ்ச," என்றார் மெதுவாக. "உள்ள படுத்துகினு கீறவனாண்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

சுரீரென்றது. அப்போதுதான் கட்டிலுக்குப் பின்னால் சுவரைச் சரியாகப் பார்த்தேன். கறுப்பாக ஒரு கோடு. போன தடவை அதை ஈரக்கசிவு என்று குறித்து, மேலே டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருந்தேன். அது கசிவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையின் தண்ணீர் மட்டம். கட்டிலைத் தாண்டி மேலே இருந்தது.

"அந்த மழையில உங்களைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிட்டாங்கன்னு அக்கா சொன்னாங்களே?"

"நாந்தான் அவளாண்ட அப்டி சொன்னேன். யாரும் வர்ல. அவ யார்டாண்ட மாட்டிகினா. தெருவே காலி. மத்தியானம் ஏறுன தண்ணி, சாயங்காலந்தான் எறங்குச்சி. அப்பாலதான் பசங்க வந்தானுங்கோ. அதான் உம்பேர சொல்லி நாலடி ஏத்தச் சொன்னேன்."

வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தார். அன்று அவர் கேன்டீனில் என் பக்கத்தில்தான் இருந்தார். மழைக்கு இதமாக எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் டேப்பை எடுத்தேன். ஒரு முனையைக் கட்டில் சட்டத்தில் வைத்தேன். "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாய்? காட்டுங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. தலையணையில் தலையைச் சாய்த்துப் படுத்து, ஆள்காட்டி விரலைத் தன் கீழுதட்டுக்கு அடியில் வைத்தார்.

அக்கா "யா அல்லா" என்று கத்திக்கொண்டே போய் அவர் தோளில் மாறி மாறி அடித்தார். "எங்கிட்ட ஏன்யா சொல்லல? ஏன்யா சொல்லல?"

"சொன்னா வேலைய வுட்டுட்டு என் பக்கத்துலயே குந்திப்ப. என்னிய காவ காப்ப."

பதினோரு வருஷம் பெட்டிகளைத்தான் அடுக்கினேன். பெட்டி எதுவும் கேட்காது, பயப்படாது. இந்த மனிதனையும் அப்படித்தான் சரிவில் உருட்டிவிடப் பார்த்திருக்கிறேன்.

"மேடம்! எறக்கணுமா வாணாவா?" கீழேயிருந்து மேஸ்திரியின் குரல்.

பாயின் கையைப் பிடித்தேன். "நீங்க சொல்லுங்க பாய். இறக்கட்டுமா?"

"வாணாம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தெருவும் வோணும். ரெண்டுமே வோணும்."

"ரெண்டும்னா சாய்தளம் வீட்டுக்குள்ளயே முழு நீளத்துக்குப் போய் மடங்கித் திரும்பணும். எந்தப் பக்கம் போனாலும் அக்காவோட சமையல்கட்டு போயிடும்." அந்தப் பெரிய சமையல்கட்டு ஒன்றைத்தான் அக்கா தனக்கென்று கேட்டிருந்தார்.

"எட்த்துக்கோ," என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. "நாள் பூரா கேன்டீன்ல அடுப்பத்தான பாத்துகினு கீறேன். எனக்கு மூலையில ஒரு ஸ்டவ்வு போதும். என் சமையகட்டு மேல இவரு வண்டி ஓட்டட்டும்."

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். "மேஸ்திரி! இறக்காதீங்க. செங்கல் வைங்க!"

போன் அடித்தது. வல்லரசு. "இன்னா ரமா, மொத நாளு எப்டி போவுது? சொதப்பிடுச்சா?"

"முழுசா சொதப்பிடுச்சு," என்றேன்.

"அப்போ... திரும்பப் பொட்டி அடுக்கப் போறியா?"

"போடா. நைட்டு சோத்த நீயே ஆக்கிக்கோ. நான் மொதல்லேர்ந்து வரையணும்."

கீழே இறங்கிச் சாக்கடை ஓரம் கிடந்த சுருளை எடுத்தேன். உதறி, மேலே ஏறி, பாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பின்பக்கமாகத் திருப்பி விரித்தேன்.