அறுபத்தெட்டு கிலோ

அண்ணன் கடலில் விழுந்து இறந்து, உடல் மூன்றாம் நாள் கரை சேர்ந்து, அடக்கமும் முடிந்த பிறகு, அவருடைய எடை மட்டும் படகை விட்டு இறங்கவில்லை. அது அறுபத்தெட்டு கிலோ. இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் படகைத் தூக்கப் போனவர்கள்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேர் மேட்டில் கொண்டுபோய் வைக்கிற ரப்பர் படகு அது. அன்று நாலு பேர் வேண்டியிருந்தது. துறையில் இருக்கும் ரப்பர் படகுகளுக்கெல்லாம் ஓட்டை அடைத்து, வால்வு மாற்றித் தருபவரை ஒட்டுக்காரர் என்பார்கள். அவர் வந்து பார்த்து, ரப்பர் தண்ணீர் குடித்திருக்கும் என்றார். காற்றை இறக்கி, மூன்று நாள் காயவைத்து, மடித்துக் கட்டி ஐஸ் ஆலைத் தராசில் ஏற்றினார்கள். படகு ஐம்பத்துநாலு கிலோ என்று அதன் பின்பலகையிலேயே அச்சடித்திருந்தது. தராசு நூற்றிருபத்திரண்டு காட்டியது. தராசுக்காரர் ஒரு ஐஸ் பாளத்தை ஏற்றி இறக்கிவிட்டு, தராசில் கோளாறு இல்லை என்று மட்டும் சொன்னார். அண்ணனின் மனைவி அங்கேதான் நின்றிருந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது அவர் எவ்வளவு இருந்தார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

வால்வு போய்விட்டது, அதனால் படகு தளர்ந்தது, அலை அதை நடுவில் மடக்கியது, முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் தூக்கி எறியப்பட்டார். துறையே நம்பிய கதை இது. மிதவைச் சட்டையை மடித்துப் போட்டு அதன்மேல் சொகுசாக உட்காருவது அன்று எல்லோருக்கும் வழக்கம், ஆகவே அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வால்வை மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாற்றியவர் ஒட்டுக்காரர். அவரை யாரும் திட்டவில்லை. வால்வு வேலையை மட்டும் அவரிடம் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவரும் அதன்பிறகு வால்வைத் தொடவில்லை. உண்மையில் வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயிலில் சுடு மணலில் வைத்துக் காற்றடித்தால் படகைச் சுற்றியிருக்கும் ரப்பர் குழாய் கல் மாதிரி விறைக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கிய அரை மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, குழாய் தொளதொளக்கும். கையில் பம்ப் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அன்று பம்ப் கரையில் இருந்தது. அது அன்று கூடப் போயிருந்த தம்பிக்கு மட்டும் தெரியும்.

படகில் மூன்று பேர் போகலாம் என்பது சட்டம். துறைமுகப் பாதுகாப்பு அலுவலர் அடுத்த சோதனையின்போது தாளில் "இனி இரண்டு பேர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் படகைப் பார்த்தாலும் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று குனிந்து பார்ப்பதால் அவருக்கு சோப்பு சார் என்று பெயர். காரணம் என்ற கட்டத்தில் அவர் கோடு போட்டுவிட்டார். தம்பி தனியாகத் தொழிலுக்குப் போனான். எடை இடது முன்பக்கம் உட்காரும். அதனால் ஐஸ் பெட்டியை வலது பக்கம் வைத்துச் சமன் செய்துகொண்டான். பன்னிரண்டு வருடம் அந்தப் படகை அவன் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவான், மடிப்புகளில் மாட்டிய மணலைப் பழைய பல் துலக்கியால் எடுப்பான், நிழலில் உலர்த்திப் பவுடர் தூவுவான். தூண்டில் முள்ளில் ஒன்றுகூடத் தக்கை செருகாமல் படகுக்குள் வராது. பம்ப் இரண்டு வைத்திருந்தான். இப்படியெல்லாம் செய்தால் அண்ணன் என்றாவது மனசு இறங்கிப் படகை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தான். அண்ணி சாயங்காலம் வந்து முன்பலகையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அவள் பயம் வேறு, அவர் போய்விடுவாரோ என்பது. ஒரே வீட்டில் முன்னறையிலும் பின்னறையிலும் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே எடையை எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் வருடம் சோப்பு சார் படகின் அடித்தையலை விரலால் அழுத்தினார். பசை மாவாக உதிர்ந்தது. ரப்பருக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்றார். வெட்டிப் போட மூன்று நாள் கொடுத்தார். கழித்த படகை வெட்டாமல் விட்டால் எவனாவது ஒட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சாவான், அதில் அவர் கறார். புதுப் படகு வந்தது. எடை இதிலிருந்து அதற்கு மாறட்டும் என்று இரண்டையும் முழங்கால் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். முதல் நாள் எடை பழைய படகிலேயே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் ஒட்டுக்காரர் கத்தியோடு வந்து, பக்கத்தில் நின்றார். அண்ணி தண்ணீரில் இறங்கிப் பழைய படகின் முன்பலகையைத் தட்டினாள்.

"ஏங்க, அந்தப் படகுக்கு வாங்க. இத வெட்டப் போறாங்க."

எடை அசையவில்லை. அண்ணியின் முகம் கோணியதை, அன்று துறையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். தம்பியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணி, வால்வு போகல. வால்வு நல்லாத்தான் இருந்துச்சு. பம்ப நான்தான் கரையில எடுத்து வெச்சேன். ரெண்டாவது ஐஸ் பெட்டிக்கு எடம் பத்தல."

"அவருக்குத் தெரியுமா?"

"கெளம்பும்போது தெரியாது. நடுக்கடல்ல பம்ப எடுடான்னாரு. அப்பதான் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சரி, திரும்பிடலாம்னாரு. நான்தான் இன்னொரு வலை போட்டுட்டுப் போயிடலாம்னேன்."

ஒட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டார். "பன்னெண்டு வருஷமாடா," என்றார். "தூக்கத்துலகூட அந்த வால்வத் திருகிட்டு இருக்கேண்டா நான்." அப்படியே மணலில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால் அழுதார். தம்பி அவர் காலருகே போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. சோப்பு சார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் காத்திருக்க முடியும் என்றார்.

அண்ணி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுக்கு ஏறிப் போய், கொட்டகையிலிருந்து மிதி பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, புதுப் படகின் முன்பலகைக்கு அடியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கொழுந்தனைப் பார்த்து, "ஏறு," என்றாள். அவன் ஏறி எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு அவளும் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். கடலில் கால் வைக்காத பெண் அவள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழைய படகு லேசாக மேலே எழும்பியது, புதுப் படகின் இடது முன்பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்தது. சோப்பு சார் குனிந்து, குழாயில் தண்ணீர் ஏறியிருக்கும் மட்டத்தைப் பார்த்து, தாளில் ஏறியவர்கள் மூன்று என்று எழுதினார். பழைய படகைத் தராசில் போட்டபோது பன்னிரண்டு வருட ஒட்டுகளோடு சேர்த்து ஐம்பத்தாறு கிலோ வந்தது. ஒட்டுக்காரர் அதை வெட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அவரிடம் வால்வுகள் வரத் தொடங்கின. தம்பியோடு அவர் ஒரு வருடம் பேசவில்லை, அது நியாயம்தான்.

அண்ணி அன்றிலிருந்து தொழிலுக்குப் போகிறாள். கொழுந்தனை மன்னித்துவிட்டதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில் பேச்சும் பெரிதாகக் கூடிவிடவில்லை. சீசன் தொடங்கிய ஒரு காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் வேலை தேடித் துறைக்கு வந்தார். படகு கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஒரு ஆளுக்கு எடம் இருக்குங்களா?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்.

"இல்லீங்க. நாங்க மூணு பேரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு எஞ்சின் கயிற்றைப் பிடித்தான். வந்தவர் படகில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். குழாயில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர்.

"ஆமா, மூணு பேருதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த படகைப் பார்க்கப் போனார்.