மெட்ராஸ் ஐ இல்லை

திருவையாற்றுக் கடைத்தெருவில் டீ குடிக்கும்போதும் ஜாஃபர் சாதிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வலது கண் சிவந்து நீர் வடிந்தது. வெயில் பட்டால் ஊசி குத்துவது போல வலித்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லிப் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று ஜாஃபர் பேசாமல் இருந்தான்.

முழுக்கைச் சட்டைக்குள்தான் அவனுடைய பயம் இருந்தது. முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ். துபாயில் லாரி ஓட்டிய காலத்தில் வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவன் இப்போது புது விசாவுக்காகக் காத்திருந்தான். மனைவியின் தம்பி ஃபாஜில் ஏஜென்ட்டைப் பிடித்து ஏற்பாடு செய்திருந்தான். தோல் வியாதி என்று தெரிந்தால் விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனையில் கழித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னது ஜாஃபரின் மனதை அரித்தது. வீட்டிலோ, மனைவி ஹாஃபிஸா பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று அவனுக்குப் பாயைத் தனியே போட்டாள்.

ஃபாஜில்தான் அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். தோலிலோ மூட்டிலோ ஏதாவது கோளாறு உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். காலையில் விரல்கள் மடங்காமல் விறைத்துக் கிடப்பது ஜாஃபருக்கு நினைவு வந்தது. மைத்துனன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், சொன்னால் ஏஜென்ட் காதுக்கும் போய்விடும்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

சொட்டுமருந்து கொடுத்து, குறையாவிட்டால் உடனே வரச் சொன்னார் டாக்டர். குறையவில்லை, அவனும் போகவில்லை. வீட்டில் ஜன்னலைச் சாத்தினான், பிள்ளை திறந்தால் சீறினான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஏஜென்ட்டைக் கேட்டான். கண்ணில் புகை படர்ந்தது.

ஏஜென்ட் வரச்சொன்ன காலையில் மொபெட்டில் காவிரிப் பாலத்தில் ஏறினான். தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணை அறைந்தது. புல்லுக்கட்டோடு வந்த பெண்ணை அவன் பார்க்கவே இல்லை. அவள் அலறிய பிறகு பிரேக் பிடித்து, வண்டியோடு சரிந்தான்.

"கண்ணு தெரியலைன்னா எதுக்குப்பா வண்டி ஓட்டுற?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

ஜாஃபர் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தான். போகிற பெண்ணும் தெரியவில்லை, பாலத்துச் சுவரும் தெரியவில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு லாரியில் ஏறுவதா? ஏஜென்ட்டிடம் போகாமல் வீடு திரும்பி, ஹாஃபிஸாவை அழைத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனான். கேட்பதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

டாக்டர் செதில்களைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சொரியாசிஸ் உள்ளவங்க சிலருக்குக் கண்ணுக்குள்ளயே அழற்சி வரும். மூட்டுவலியும் இருந்தா இன்னும் கவனமா இருக்கணும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். இது ஒட்டுமா என்று ஹாஃபிஸா தயங்கிக் கேட்டாள். ஒட்டவே ஒட்டாது என்றார் டாக்டர். அவள் தலை குனிந்தாள்.

கண்ணுக்கும் தோலுக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது. பார்வை பெரும்பாலும் திரும்பியது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல் மட்டும் தங்கிவிட்டது. ஏஜென்ட்டிடம் போகாததால் விசா வேறொருவனுக்குப் போனது. ஃபாஜில் வீட்டுக்கே வந்து, விசா கைக்கு வரும்வரை வியாதியைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று கடிந்தான்.

ஜாஃபர் நிதானமாகச் சொன்னான்: "வாயை மூடுனதுலதான் மச்சான் கண்ணே போகப் பார்த்துச்சு. நோய் வர்றது யார் தப்பும் இல்ல. வைத்தியம் பாக்குறவங்ககிட்ட அதை ஒளிக்கிறதுதான் தப்பு. சொரியாசிஸ் இருக்கவங்க கண்ணு செவந்தா, மெட்ராஸ் ஐன்னு சும்மா இருக்காம உடனே டாக்டர்கிட்ட போகணும். இதை நீயும் நாலு பேருக்குச் சொல்லு."