பதினைந்தாவது ஆள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சிக் கூட்டத்துக்கு வாக்குப்பெட்டி என்ற மறைப்பெல்லாம் கிடையாது. யாரை ஜனாதிபதி வேட்பாளராக்க ஆசையோ, அவருடைய மூலையில் ஊரறியப் போய் நிற்க வேண்டும். அன்று பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நூறு பேர். பதினைந்து தலை சேராத மூலை கலைந்துவிடும்.

லைல் ட்ரஸ்கட்டின் மூலையில் பதினான்கு பேர். ஆர்டித் மூன்றாவது முறையாக எண்ணிவிட்டு, முன்னணி வேட்பாளரின் மூலையில் நின்ற பக்கத்துப் பண்ணைக்காரன் வெர்லினைப் பார்த்தாள். அவன் கூடைப்பந்து வளையத்தைப் பார்த்தான். அதில் என்னதான் இருந்ததோ!

ட்ரஸ்கட்டை இந்த ஊருக்கு அழைத்து வந்ததே இந்த மகராசன்தான். ட்ரஸ்கட், எங்கோ ஒரு குட்டி மாநிலத்தின் ஆளுநர். தானே கார் ஓட்டி வந்தார். ஆர்டித் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, வெர்லினின் முழங்கால் வலி வரை விசாரித்துப் பேசினார். மண் அரிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். பத்தாம் நாள் பதில் கடிதம் வந்தது. வெர்லின் அன்றே ஆதரவு அட்டையில் கையெழுத்துப் போட்டு, தயங்கிய ஆர்டித்தையும் இழுத்துவிட்டான்.

அப்புறம் கருத்துக்கணிப்பு வந்தது. ட்ரஸ்கட்டுக்கு இரண்டே சதவீதம்! காபிக்கடையில் கூட்டாளி டுவேன் வயிறு குலுங்கச் சிரித்தான். "உன் ஆளு ஜெயிச்சாலும் வாஷிங்டன்ல எவன்யா அவரு பேச்சக் கேப்பான்?" தோற்கிறவரோடு நிற்க வெர்லினுக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு காரணமே இல்லை.

"வெர்லின்! ஒரே ஒரு ஆளுப்பா!" ஆர்டித்தின் குரலுக்குக் கூடமே திரும்பியது.

"நல்ல மனுசன்தான் ஆர்டித். ஆனா ஜெயிக்கணுமே."

"இத நான்தானே அன்னைக்குக் கேட்டேன்? நாம நின்னாத்தான் ஜெயிப்பாருன்னு சொன்னது யாரு?"

வெர்லினுக்குக் காது சுட்டது. கால் மட்டும் நகரவில்லை. நேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள். பதினான்கு பேரும் கலைந்தார்கள்.

பக்கத்தில் நின்ற டுவேன் தலையைச் சொறிந்தான். "நீ போயிருந்தா நானும் வந்திருப்பேன்யா."

வெர்லினுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் ஆர்டித் வந்து போனை நீட்டினாள். "அவருதான். உங்கிட்டப் பேசணுமாம். நீ எங்க நின்னேன்னு நான் சொல்லல."

"வெர்லின், எனக்காக நின்னதுக்கு ரொம்ப நன்றிங்க. அந்த முழங்காலோட இவ்வளவு நேரம் நின்னீங்களே, வலிக்கலையே?"

"இல்லீங்க," என்றான் வெர்லின். "வலிக்கல."

ஆர்டித் பக்கத்திலேயே நின்று அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.