மாத்திரை அடிக்கிறவன் மாத்திரை முழுங்கின கதை

எனக்கு மாத்திரை முழுங்க வராது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, அப்புறம் மீதியைச் சொல்றேன்.

நான் மாத்திரை கம்பெனியில மெஷின் ஓட்டுறவன். மேல மருந்து மாவைக் கொட்டினா, ரெண்டு அச்சும் சேர்ந்து ஒரே அமுக்கு, மாத்திரை கடகடன்னு வந்து விழும். ஒரு ஷிப்டுல நான் அடிச்சுத் தள்ளுறதை ஊரே முழுங்குது. எனக்கு மட்டும் நாக்குல ஒண்ணு வெச்சாப் போதும், தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கும். தண்ணி பூரா உள்ளே போயிடும், மாத்திரை மட்டும் நாக்கு மேல சட்டமா உட்கார்ந்திருக்கும். சனியன்.

இந்த லட்சணத்துல எனக்கு பிரஷர் வந்துச்சு. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்து, "காலையில ஒண்ணு. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையுற மாத்திரை இது, முழுசா முழுங்கணும்"னாங்க. எனக்கே பாடமா? அந்த மாதிரி மாத்திரையை அடிக்கிறதே நான்தான்! ஆனா எனக்கு முழுங்க வராதுங்கிறதையோ, பொடிக்கக் கூடாதுன்னதையோ வீட்டுல மூச்சு விடல. சொன்னா என் பொண்டாட்டி எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்கே, முழுங்குங்க பார்ப்போம்"னுடுவா.

அதனால தினமும் காலையில நாடகம்தான். மாத்திரையை வாயில போடுவேன், கன்னத்துல ஒதுக்குவேன், ஒரு டம்ளர் தண்ணியைக் குடிச்சிட்டு "முழுங்கியாச்சு"ன்னு ஏப்பம் வேற விடுவேன். அப்புறம் வாஷ்பேசின்ல துப்பிட்டுக் குழாயைத் திறந்து விட்டுடுவேன். அவ ஒரு வார்த்தை கேட்க மாட்டா. என் நடிப்பு மேல எனக்கு அவ்வளவு மரியாதை.

அடுத்த தடவை போனப்போ டாக்டரம்மா மூஞ்சியே மாறிடுச்சு. "மாத்திரை சாப்பிட்டுமா இப்படி ஏறியிருக்கு? இப்படியே போனா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடும். பிழைச்சாலும் கை கால் விளங்காது."  துப்பினதை மட்டும் அவங்ககிட்ட மறைச்சுட்டேன்.

எங்க கம்பெனியில மாத்திரைக்கு மேல்பூச்சு பூசுறவன் ஒருத்தன் இருக்கான். அவனைக் 'கோட்டிங்'னுதான் கூப்பிடுவோம். வேற வழியில்லாம அவன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கேன்டீன் பெஞ்சுல விழுந்து விழுந்து சிரிச்சான்.

"அடப்பாவி! நான் வழவழன்னு பூசி அனுப்புறதே உன்னை மாதிரி தண்டத்துக்குத்தானேடா! தண்ணி பாட்டில்ல வாயை இறுக்கி வெச்சு உறிஞ்சு. தண்ணி குடிக்கிறேன்னு மட்டும் நினை, மாத்திரையை மறந்துடு."

"மறந்துடுன்னா எப்படிடா மறக்கும்?"

"உன் பொண்டாட்டி வாங்கிட்டு வரச் சொன்ன சாமானையெல்லாம் எப்படி மறக்குறே? அந்த மாதிரிதான்."

மெஷினைச் சரிபார்க்க மருந்தே கலக்காத வெறும் மாவுல கொஞ்சம் மாத்திரை அடிப்போம். அப்புறம் அதையெல்லாம் அழிச்சிடணும்னு சட்டம். கொஞ்சத்தை நான் என் வயித்துல போட்டு அழிக்கலாம்னு இருந்தேன், அது லேசுல நடக்கல. தினமும் சாப்பாட்டு நேரத்துல தலைகீழா நின்னு தண்ணி குடிச்சேன். இருமினேன், புரையேறிச்சு, கோட்டிங்கோட சட்டையெல்லாம் நனைஞ்சுது. இதுக்கு நடுவுல காலை வேளையில லேசா தலை வேற சுத்த ஆரம்பிச்சுது. பிரஷர் உச்சிக்குப் போகுது, செத்தோம்னு நினைச்சு இன்னும் வெறியா உறிஞ்சினேன். ஒரு நாள் வாயில நாக்கால துழாவிப் பார்க்கிறேன், மாத்திரையைக் காணோம்! கோட்டிங் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

மறுநாள் காலையில நிஜ மாத்திரை. பாட்டிலை எடுத்தேன், உறிஞ்சினேன், போயே போச்சு.

"ஏய், முழுங்கிட்டேன்!"னு கத்தினேன்.

"சந்தோஷம்"னு சொல்லிட்டு அவ ரொட்டியில ஜாம் தடவிக் குடுத்தா. கொஞ்ச நாளாவே அந்த ஜாம் கசக்குது. மலிவு ஜாமா வாங்கியிருக்காளேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே தின்னேன்.

கம்பெனியில மெஷினைப் போட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் திறந்தா ஆஸ்பத்திரி. பிரஷர் அதல பாதாளத்துல கிடந்துச்சு. கால்மாட்டுல என் பொண்டாட்டி பேயறைஞ்ச மாதிரி நின்னுக்கிட்டிருந்தா.

"பிரஷர் மாத்திரை எத்தனை போட்டீங்க?"ன்னார் சின்ன வயசு டாக்டர்.

"ஒண்ணு"ன்னேன்.

"ஒண்ணுதான் டாக்டர்"னு அவளும் சொன்னா.

"ஒரு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காதே. அப்ப இதயத்துலதான் ஏதோ கோளாறு"ன்னு அவர் நர்ஸைக் கூப்பிட்டார். எனக்கு உயிர் போற பயம்.

"முழுசாத்தான் முழுங்கினேன் டாக்டர், உடைக்கக்கூட இல்ல"ன்னு முனகினேன்.

அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. "சாகக் கிடக்கிற நேரத்துலயும் பொய்யா? வாஷ்பேசின் அடைச்சுக்கிட்டப்போ நான்தானே குழாயைக் கழட்டினேன்? உள்ளே பூரா உங்க மாத்திரைதான். ஒரு நாளாவது முழுங்கியிருக்கீங்களா?"

"மத்த நாள் இல்ல. இன்னைக்கு முழுங்கினேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"உன் மேல சத்தியமா. கம்பெனியில பழகிட்டு வந்தேன்."

அவ கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. "ஐயையோ... டாக்டர், இவரோட மாத்திரையிலயே தனியா ஒரு அட்டை வாங்கி வெச்சு, தினமும் ஒண்ணைப் பொடிச்சு ஜாம்ல கலந்து குடுத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கும் குடுத்தேன்."

"நாள் பூரா கரையுற மாத்திரையைப் பொடிச்சா? அதுக்கு மேல இன்னொண்ணு வேறயா?"ன்னு டாக்டர் தலையில கை வெச்சுக்கிட்டார். ஆனா அதுக்கப்புறம் அவர் தடுமாறல. அதுக்குண்டான மருந்தை ஊசி வழியா ஏத்தச் சொன்னார்.

அவ என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "அத்தனை நாளும் வாய் கூசாமப் பொய் சொன்னீங்களே. இன்னைக்குக் காலையில மட்டும் ஏங்க உண்மையைச் சொன்னீங்க?"ன்னா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு, திரும்பவும் மாத்திரையை ஆரம்பிக்கலாம்னு நர்ஸ் ஒண்ணைக் கொண்டு வந்து குடுத்தாங்க. பாட்டில்ல உறிஞ்சினேன்.

"முழுங்கிட்டேன்"னேன்.

"வாயைத் திறங்க"ன்னா என் பொண்டாட்டி.

திறந்தேன். அவ செல்போன் லைட்டை அடிச்சா.

"நாக்கைத் தூக்குங்க. கன்னத்தை இழுங்க. அந்தப் பக்கம்."

எல்லாத்தையும் பார்த்து முடிச்சா. ஆனா லைட்டை அணைக்கல.

"இன்னொரு தடவை காட்டுங்க"ன்னா. காட்டினேன்.