கழிக்காத நிறை

தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குத் தேயிலை வாசமே ஆகாது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எனக்கு அப்படித்தான் ஆனது. வயிற்றில் பிள்ளை தங்கியதும், தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து காற்று கீழே இறங்கினால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். "டவுன் புள்ளைக்கு நம்ம தேத்தண்ணி எறங்கலயாம்" என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கப் பேச்சு. பேசட்டும். இத்தனை வருடம் குடித்த சாமானில் எனக்குத் தெரியாமல் இப்படி என்ன ஒளிந்திருந்தது என்று அறிய எனக்கும் ஆசைதான். வாந்தி எடுத்து முடித்து, வாயைக் கொப்பளித்து, மறுபடியும் மூக்கை நீட்டிப் பார்ப்பேன். முதலில் கருகிய சீனி வாசம். அதற்கடியில் ஈரச்சாக்கு வாசம். பிறகு மறுபடியும் ஓட்டம்தான்.

நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஷஹீலா ஆன்ட்டியின் ஃபேன்சி கடையில் வளையலும் தோடும் விற்றுக்கொண்டிருந்தேன். றுஷாந்தன் தலைமுடிக்குப் போடும் கிளிப் வாங்க வந்து வந்தே என்னைக் கட்டிக்கொண்டார். அத்தனை கிளிப்பும் யாருக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை, கேட்டால் சிரிப்பார். இப்போது அவருக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வீடு. லயத்தில் எங்கள் காம்பரா வீட்டில் நானும் என் மாமியார் இருதயம்மாவும் மட்டும்.

அத்தை கொழுந்து எடுக்கிறவர். பேச்சு குறைவு, கை அதிகம். நான் அதற்கு நேர்மாறு. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "ஏன் அத்தே, புள்ள வயித்துல ஒருபக்கமா ஒதுங்கி நிக்குது?" என்று கேட்டால், "அதுக்கு அந்தப் பக்கம் புடிச்சிருக்கு" என்பார். அதற்குமேல் பதில் வராது.

ஆகவே நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஏழாம் மாதத்துக்குள் நான் கண்டுபிடித்தவை கொஞ்சநஞ்சமல்ல. குனிந்து செருப்பு மாட்டுவது ஒரு வித்தை. தும்மும்போது இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் ஃபாதர் பிரசங்கம் தொடங்கினால் என் பிள்ளை தூங்கிவிடும், பாட்டு தொடங்கினால் உதைக்கும். என் வயிறு எனக்குச் சொந்தமில்லை, லயத்துக்கே பொது. போகிறவள் வருகிறவள் எல்லாம் தொட்டுப் பார்த்து ஆண் என்றும் பெண் என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்திக்கு ஒருநாள் சுள்ளென்று சொல்லிவிட்டேன். "அக்கா, பழம் அமுக்கிப் பாக்குற மாதிரி அமுக்காதீங்க."

இத்தனையும் தெரிந்த எனக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. பிள்ளை வளர்கிறதா?

அதைக் கிளப்பிவிட்டது அஸ்னா மிஸ்ஸி. தோட்டத்து கிளினிக்குக்கு வரும் மருத்துவமாது. என்னைத் தராசில் ஏற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொஷானி, நிறை ஏறவே இல்லையே. போன முறையும் இதுதான்."

"மிஸ்ஸி, தராசுல நானும் புள்ளையும் ஒண்ணாத்தானே ஏறுறோம். நான் மெலிஞ்சு புள்ள கூடியிருந்தா?"

"நல்லாத்தான் கேக்குறீங்க. வெளியில இருந்து எனக்கு இவ்வளவுதான் பாக்க ஏலும். அடுத்த கிளினிக்லயும் இப்படியே இருந்தா பதுளைக்கு அனுப்பிருவேன். ஸ்கேன் பண்ணிப் பாத்து, தேவைப்பட்டா வார்ட்டுலயே வச்சிருவாங்க."

அன்று வீடு வரும்வரை அத்தை வாயே திறக்கவில்லை. அது வழக்கம்தான். ஆனால் அன்றிலிருந்து என் தட்டில் சோறு மலையாகக் குவிந்தது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து, மலைக்குப் போகுமுன் என் வாயில் ஒன்று, வந்ததும் ஒன்று. உள்ளே போவதில் பாதி வெளியே வந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும், அடுத்த நிமிடம் அழுகையாக வரும். பயமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இரவானால் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இருக்கியா? எவ்வளவு இருக்க?" என்று கேட்பேன். அது உதைக்கும். உதைப்பது நிறையைச் சொல்லுமா?

அந்த நாட்களில்தான் அத்தை அந்த இடுப்புக்கட்டைத் தைத்தார். மலைக்குப் போகும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றுவார்களே படங்கு, அதில் பழையது ஒன்றைக் கிழித்து, இரண்டாய் மடித்து, வரிவரியாகத் தையல் போட்டிருந்தார். உள்ளே ஓடையில் அள்ளி அலசிக் காயவைத்த மணல். அடுப்போரம் வைத்து இளஞ்சூடாக்கி என் இடுப்பில் கட்டிவிட்டார்.

"முதுகு வலிக்கு" என்றார்.

ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! இடுப்பில் குடியிருந்த வலி எழுந்து போய்விட்டது. "அத்தே, இத நீங்க டவுன்ல வித்தா ஷஹீலா ஆன்ட்டி கடைய மூடிட்டுப் போயிருவாங்க" என்றேன். அத்தை சிரிக்கவில்லை. கனமாகத்தான் இருந்தது. ஏழாம் மாதத்தில் எதுதான் கனமாக இல்லை?

கிளினிக் நாள் காலையில் அத்தை வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகவில்லை, எனக்குத் துணையாக நின்றார். எழுந்ததும் சூடாக்கிய கட்டைக் கவுனுக்கு உள்ளே இறுக்கிக் கட்டிவிட்டார். "ஏத்தத்துல நடக்கணும், முதுகு புடிக்கும்." அன்றைக்கு மட்டும் கட்டு இன்னும் புடைத்திருப்பதாகத் தோன்றியது. புதிதாக மணல் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். சுவெட்டரைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். தராசில் ஏறினேன். அஸ்னா மிஸ்ஸி குனிந்து பார்த்தார். மறுபடியும் என்னை இறக்கி ஏற்றிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் முகம் மாறியது.

"இவ்வளவு கெதியா இப்படி ஏறக் கூடாதே. காலைக் காட்டுங்க."

காலை அமுக்கினார். கண் இமையைப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். ஏற்றத்தில் ஏறி வந்ததாலோ, பயத்தாலோ, அதுவும் கொஞ்சம் கூடியிருந்தது.

"தலையிடி இருக்கா? கண் மங்குதா?"

"இல்ல மிஸ்ஸி. ஏன்?"

"நீர் தேங்கினாத்தான் திடீர்னு இப்படி ஏறும். தாய்க்கும் கூடாது, புள்ளைக்கும் கூடாது. மிச்சத்த அங்க பெரிய டொக்டர் பாப்பாங்க. இப்பவே பஸ் எடுங்க."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

பதுளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறும்போது இல்லாத பயம் உட்கார்ந்ததும் வந்தது. ஏறாவிட்டாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து என்றால் இந்தப் பிள்ளை எந்த வழியாகத்தான் வளரும்? றுஷாந்தனுக்கு ஃபோன் எடுக்கலாமென்று பையைத் தேடினேன். உட்கார்ந்த இடத்தில் கையில் ஏதோ நறநறவென்று பட்டது. மணல். கவுனைத் தட்டினேன். இன்னும் கொட்டியது.

கட்டின் விளிம்பைத் தடவினேன். ஒரு தையல் விட்டிருந்தது. உள்ளே விரலை விட்டால் மணலுக்கு நடுவே வழவழவென்று ஓடைக் கூழாங்கல். ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகக் கற்கள்.

"அத்தே" என்றேன். "இது என்னது?"

அத்தை மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு வலிக்குத்தான் மொதல்ல தச்சேன். சத்தியமா. கல்லு நேத்துத்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"நெற காணாதுன்னு ஒன்னய அங்க வச்சிருவாங்கன்னாளே."

எனக்கு வந்த கோபத்துக்குப் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஒங்களுக்கு அறிவிருக்கா? அங்க போயி நீர் தேங்கியிருக்குன்னு ஊசியப் போட்டா என்னாகும்? புள்ளைய வச்சு வெளையாடுவீங்களா? கொழுந்து மூட்டையா நான்?"

"கத்தாத புள்ள" என்றார் அத்தை மெதுவாக. "எனக்குத் தெரிஞ்ச தராசு அது ஒண்ணுதான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல மூட்டைய மாட்டுனா சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டுத்தான் போடுவாங்க. வெயில் காஞ்சாலும் ஈரத்துக்குக் கழிப்பாங்க. நான் எடுத்த கொழுந்து முழுசா எம் பேருல நின்னது ஒருநாளும் இல்ல. இந்த மிஸ்ஸிப் பொண்ணும் ஒந் துணிக்கு, சீலைக்குன்னு ஏதாச்சும் கழிக்கும்ல. கழிக்கிறது கல்லோட போகட்டும், புள்ளைக்கு உள்ளது புள்ளைக்கு நிக்கட்டும்னு..."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

ஹாலிஎலயில் பஸ் நின்றபோது அத்தை என் கையைப் பிடித்தார். "எறங்கிருவோம். திரும்பிப் போயி மிஸ்ஸிகிட்ட உள்ளத நானே சொல்லிர்றேன்."

"இல்ல அத்தே. கல்ல எடுத்துட்டா என்ன மிச்சம்? போன தடவ இருந்த அதே நிறைதான். கல்லு பொய், ஆனா மிஸ்ஸி கேட்ட கேள்வி பொய்யில்லையே. எனக்குத் தெரியணும்."

பதுளை ஆஸ்பத்திரிக் கழிவறையில் கட்டை அவிழ்த்தேன். அத்தை அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே வார்டில் இருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு தராசில் ஏற்றினார். முள் பழைய இடத்திலேயே போய் நின்றது. அவர் சிரிப்பு நின்றது. பிரஷரைப் பார்த்தார், அது இறங்கியிருந்தது. இருந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார்.

ஸ்கேன் அறைக்குள் அத்தையை விட மாட்டோம் என்றார்கள். நான் கெஞ்சியதில் வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். டொக்டர் நோனா, ஒரு சிங்கள அம்மா, என் வயிற்றில் ஏதோ குளிர்ந்த பசையைத் தடவினார். மெஷினில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பினேன். டொக்டர் அளந்தார், மறுபடியும் அளந்தார்.

"பபா கொஞ்சம் சின்ன ஆள்" என்றார் கடைசியில், தமிழில். "ஆனா நல்லா இருக்கு. வளருது. அம்மாதான் சாப்பிடணும். ரெண்டு கிழமையில திரும்ப வாங்க. இப்ப வீட்டுக்குப் போகலாம்."

"நிறை, டொக்டர்? அதோட நிறை மட்டும் தெரியுமா?"

"இதுல பாக்குறது கிட்டத்தட்டத்தான். ஒரு கிலோ முந்நூறு."

என் பிள்ளையின் நிறை. நானில்லாமல், என் துணியில்லாமல், அதற்கு மட்டும் உள்ள நிறை. நான் அழுதேன். அழுதுகொண்டே திரைச்சீலைப் பக்கம் பார்த்தேன். அத்தை ஓரடி உள்ளே வந்திருந்தார். டொக்டரிடம் நேராகவே கேட்டார்.

"கழிச்சா நோனா, கழிக்காமயா?"

டொக்டருக்கு விளங்கவில்லை. "அம்மா என்ன கேக்குறாங்க?" என்று என்னைப் பார்த்தார். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? கடையில் நான் கற்ற சிங்களத்தில் அதற்குச் சொல் இல்லை.

"ஒண்ணுமில்ல டொக்டர்" என்றேன். பிறகு அத்தையிடம், "இங்க ஒண்ணும் கழிக்க மாட்டாங்க அத்தே. அவ்வளவும் அதுக்குத்தான்" என்றேன்.

அத்தை தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில், கடை வீதியில், எங்களைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் அந்தப் பேச்சுக் குறைந்த மனுஷி நின்று நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஒரு கிலோ முந்நூறு. ஒண்ணும் கழிக்கலயாம்."