இரண்டாவது எவரிஸ்த்

கல்லில் படிந்திருந்த ஈரப் பாசியை எவரிஸ்த் கையுறையால் தேய்த்தார். ஜோசப் எவரிஸ்த் லாத்துலீப் என்ற பெயர் தெரிந்தது. அதன் கீழே 1915–1919. அவருடைய முழுப் பெயர் ஜோசப் எவரிஸ்த் கிமோன். பிறந்தது 1921.

ஜோசப் என்ற பெயரில் வியப்பு ஒன்றுமில்லை. அந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்ற ஆண்பிள்ளை எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் அது உண்டு. லாத்துலீப்தான் அவரை உலுக்கியது. ஓய்வு பெற்று, முன்னோரைத் தேடத் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில்தான் அது தங்கள் வீட்டுப் பெயர் என்றே அவருக்குத் தெரியவந்தது. பிரான்சிலிருந்து சிப்பாயாக வந்த முதல் கிமோனுக்குப் படையில் வைத்த பட்டப்பெயர் அது; துலிப் பூ என்று பொருள். பிறகு வந்தவர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இந்தக் கல்லோடு அப்பா அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஞாயிறுதோறும் பூசைக்குப் போகையில், யார் வீட்டுக் குழந்தையோ என்று எவரிஸ்த் கடந்துபோன கல்.

அக்கா லியோனி வேலியருகிலேயே நின்றுகொண்டாள்.

“உனக்குத் தெரியும்தானே?” என்று கேட்டார் எவரிஸ்த்.

“பழசைக் கிளறாத கிளறாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?” அவள் குரல் இறங்கியது. “உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்டா. ஏப்ரல்ல, அப்பா பின்னாலயே ஆத்துக்கு ஓடினான். ஆத்து மேல உறைஞ்சிருந்த பனி பிளந்து உள்ள போயிட்டான். நீ பொறந்ததும் அம்மா அதே பேரை வச்சா. அப்பல்லாம் எல்லா வீட்லயும் அதான் வழக்கம். அவன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் அப்பா.”

எவரிஸ்துக்குச் சின்ன வயது நினைவுக்கு வந்தது. மாமா கல்யாணத்தில் மேசை மேல் ஏறி நின்று பாடினாயே என்று அம்மா சொல்வாள். அவருக்கு நினைவிருக்காது. வாத்து துரத்தியதாக அவள் சொல்வதும் நினைவில்லை. ஞாபகமறதிக்காரன் என்று வீடே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். குளிப்பாட்டும்போது மட்டும் அம்மா சிரித்ததில்லை. அவருடைய இடது முழங்காலைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பாள், எதையோ தொலைத்தவள்போல.

“அவனுக்கு முழங்கால்ல தழும்பு இருந்துச்சா?”

லியோனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அடுப்புல சுட்டுக்கிட்டான்” என்றாள்.

நேரே அம்மாவிடம் போனார். கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில், ஜன்னலோர நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள் தொண்ணூறைத் தாண்டிய அம்மா அல்ஃபோன்சின். வழியெல்லாம் கோபமாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள், அந்த ஒடுங்கிய தோள்களைக் கண்டதும் கலைந்துபோயின. அருகில் மண்டியிட்டார்.

“அம்மா, கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவனைப் பார்த்தேன்.”

“எவனை?”

“எவரிஸ்தை.”

அவள் அவர் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

“அங்க யாருமில்லடா. அன்னிக்கே உங்கப்பாகிட்ட சொன்னேன், வந்துடுவான்னு. வந்துட்டியே.” கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ரகசியம்போலக் கேட்டாள்: “நடுவுல அவ்வளவு நாள் எங்கடா போயிருந்தே?”

நான் அவனில்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது. அந்தக் கண்களில் இருந்த ஆவலைப் பார்த்தார்.

“தூரமா போயிட்டேம்மா” என்றார்.

அவள் தலையாட்டினாள். கம்பளியை விலக்கி, அதன் பாதியை அவர் தோளின் மேல் இழுத்துப் போட்டாள். ஜன்னலுக்கு அப்பால் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.